மாமாவுக்கு உத்தரவு வரவில்லை

சோறு தின்னாமல் அடம்பிடித்த வயதில் உங்களுக்கு யாரைக் காட்டிப் பயமுறுத்தினார்கள்? பேயையா, பொலிஸையா, சாக்கோடு வரும் பிள்ளை பிடிக்கிறவனையா? கொடுத்து வைத்த ஆட்கள் நீங்கள். வயது ஏறியதும் அதெல்லாம் பொய் என்று தெரிந்து சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். எங்கள் வீட்டில் காட்டியது என் சொந்த மாமாவை. உம்மாவின் மூத்த நானா, அதாவது அண்ணன். உயிரோடு இருக்கிற ஆள். அதனால் அந்தப் பயம் எனக்கு வயதோடு போகவில்லை. கெம்பஸ் முடித்துப் பட்டம் வாங்கிய பிறகும் போகவில்லை.

மாம்புரியில் எங்கள் வளவிலேயே குடியிருந்த மாமி, அதாவது வாப்பாவின் தங்கை, கிணற்று வாளியின் சங்கிலியை எடுத்து வந்து சீமெந்துத் தரையில் கரகரவென்று இழுப்பார்.

"சத்தம் கேக்குதா? மாமன் வாறான். தின்னாட்டி ஒன்னயும் கொண்டுபோய் தர்காவுல கட்டுவானுவள்."

நான் வாயைப் பிளந்துவிடுவேன். அடுப்படியில் உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். துருவுகிற சத்தம் நின்றுபோகும். சங்கிலிச் சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது மறுபடி கேட்கும்.

மாமாவுக்கு நோய் ஒன்றும் இல்லை. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றி, பிறந்து வெகுநேரம் கழித்து அழுத பிள்ளையாம். பேச்சு பிந்தியது. மீசை முளைக்கிற வயதிலும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. கடலைக் கண்டால் இறங்கி நடப்பார், தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் நடப்பார். இன்றைக்கு அதற்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று மரியாதையான பெயர் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் கரையில் இருந்தது ஒரே பெயர்தான், ஜின். ஜின்னுக்கு ஒரே மருந்துதான், தர்கா.

எந்தத் தர்கா என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கடற்கரை ஓரமாக ஓலைக்கொட்டில்கள், பூவரச மரங்கள், மரத்துக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு சங்கிலி. உள்ளே போவது லேசு. வெளியே வருவதற்கு உத்தரவு வேண்டும். உத்தரவு கொடுப்பது அங்கே அடங்கியிருக்கும் இறைநேசர், அவுலியா. அவர் கனவில் வந்து, உனக்குச் சுகம், வீட்டுக்குப் போ என்பாராம். விடிந்ததும் அந்தக் கனவைத் தர்காவில் ஓதுகிற லெப்பையிடம் சொன்னால், அவர் பாத்திஹா ஓதிக் கால் சங்கிலியைக் கழற்றி அனுப்பிவிடுவார். எத்தனை பேருக்கு உண்மையில் கனவு வந்தது, எத்தனை பேர் வீட்டு ஆசையில் பொய்யாக அடித்துவிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? கனவுக்குச் சாட்சி இல்லையே.

பிறகு ஒரு நாள் பொலிஸ் வந்து சங்கிலி கூடாது என்றது. கொட்டில்கள் காலியாயின. மாமாவைக் கொழும்புப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விட்டார்கள். வெள்ளைக்காரன் ஆரம்பித்து வைத்த ஏற்பாடு அது. புத்தி கலங்கினவனும் புத்தி வளராதவனும் அவன் கண்ணுக்கு ஒரே ஆள், இருவருக்கும் ஒரே மதில். அங்கே கொடுத்த குளிசையில் மாமாவின் கை நடுங்கத் தொடங்கியது. கடைசியாகச் சிலாபத்துப் பக்கம் தென்னந்தோட்டத்துக்குள் இருந்த ஒரு விடுதி. மரத்தடி, மதில், தோட்டம். மாமாவின் ஆயுசு முழுக்க அவ்வளவுதான். அதை நான் கெம்பஸில் வைத்து இணையத்தில் தேடித் தேடி வாசித்தேன். வாசித்தால் பயம் போகும் என்று நினைத்தேன். கூடினதுதான் மிச்சம்.

போன வருடம் அந்த விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. விடுதியை மூடுகிறார்கள். இனிமேல் இப்படி ஆட்களை மொத்தமாக ஓரிடத்தில் அடைத்து வைக்கக் கூடாதாம், குடும்பத்தோடு இருக்க வேண்டுமாம். நல்ல யோசனை. குடும்பம் வராதவர்களை பஸ்ஸில் ஏற்றித் தெற்கே தூரத்தில் இருக்கிற இன்னொரு இடத்துக்கு அனுப்புவார்களாம். அது என்ன இடம் என்று கேட்டால் அழைத்த பெண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை.

உம்மா போனை வைத்தார். "நான் போய்க் கூட்டிட்டு வாறன்."

"உம்மா, அவர் எங்க படுக்குற?"

"ஒன்ட ரூம்ல."

"அப்ப நான்?"

"நீயும் அங்கதான். அவர் ஒன்னத் திங்கமாட்டார்."

கத்தாரிலிருந்து வாப்பாவின் குரல் வட்ஸ்அப்பில் வந்தது. "மனே, ஒங்கட உம்மாட மனசுக்கு ஓம்ண்டு சொல்லிட்டன். கொஞ்ச நாள் வெச்சுப் பாருங்க. கஷ்டம்ண்டா திருப்பிக் கொண்டுபோய் உட்டுருங்க." நான் பதில் அனுப்பினேன். "வாப்பா, அந்த இடத்தப் பூட்டுறாங்க. திருப்பி உட இடமில்ல." இரண்டு நீலக் கோடு விழுந்தது.

நண்பன் ஒருவனின் வேனைக் கேட்டு வாங்கினேன். வெங்காயம் ஏற்றுகிற வேன், கண் எரிந்தது. பாலாவிப் பக்கம் போகும்போது உம்மா தானாகவே பேச ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு வெள்ளியும் எங்கட வாப்பாவோட நானும் தர்காவுக்குப் போவன். நானாக்குப் பிட்டு கொண்டுபோவன். அவர் திண்டு முடியிற வரைக்கும் காதுல சொல்லிக் குடுப்பன். நானா, லெப்பை கேட்டா, பச்சத் தலப்பா கட்டினவங்க கனவுல வந்து போகச் சொன்னாங்கண்டு சொல்லுங்க. ஓம்ண்டு தலையாட்டுவார். அடுத்த வெள்ளி போனா அதே மரத்துல ஈப்பார். ஏன் சொல்லல்லண்டு கேட்டா, வரல்லையேம்பார்."

"ஒரு சின்னப் பொய் சொல்ல ஏலாதா அவருக்கு?"

"பொய் சொல்ல மூளை வேணும் மகன். ஒனக்கு நிறைய ஈக்கி."

நான் ஹோர்ன் அடித்தேன். ரோட்டில் யாரும் இல்லை.

"லெப்பை அவருக்கு ஒரு அடையாளமும் சொல்லி வெச்சீந்தார்," என்றார் உம்மா. "சட்டப் பொத்தான் தன்ட கையால போட வந்தா சுகமாயிட்டுண்டு அர்த்தமாம். அந்த வெயிலுக்குள்ள இருந்து பொத்தானயே நோண்டிட்டு ஈப்பார்."

நான் ஒன்றும் கோழை இல்லை. மாணவர் ஊர்வலத்தில் பொலிஸ் தண்ணீர் பீய்ச்சும்போது முன்வரிசையில் நின்று கத்தினவன். அந்த விடுதியின் கேட்டைத் தாண்டியதும் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். முற்றத்தில் ஆட்கள் எங்களைப் பார்த்ததும் எழும்பி வந்தார்கள். எல்லோரும் ஒரே நிறச் சாரன், ஒரே மாதிரி ஒட்ட வெட்டின தலை. ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் இழுக்க இழுக்க அவர் இறுக்கினார். வாயைத் திறந்து கடைவாயில் கொடுப்புப் பல் இருந்த இடத்தைக் காட்டினார், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அது விளங்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

விடுதிப் பொறுப்பாளரான மேட்றன் நோனா, ஒரு சிங்கள அம்மணி, பூப்போட்ட கவுனில் ஓடி வந்து அந்த ஆளின் விரலைத் தட்டி விடுவித்தார். உம்மாவைக் கண்டதும் நோனாவின் முகம் மலர்ந்தது.

"வாங்கோ, வாங்கோ! உத்தராவும் வந்தாச்சு!"

"யாரு?" என்றார் உம்மா.

"நீங்கதானே உத்தரா? எங்கட மல்லி எந்த நாளும் சொல்றது. கேட் கிட்ட கூட்டிட்டுப் போனா, உத்தரா வரல்ல, உத்தரா வரல்ல எண்டு சொல்லித் திரும்பி வாறது. நாங்க எல்லாம் நினைச்சது தங்கச்சி பேர் எண்டு. பாவங் அனே."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அங்கே நரைத்தவர்களும் மல்லிதான். எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மாவைப் பார்த்தேன், சிரிப்பு நின்றது. பெருநாளைக்குப் பெருநாள் வட்டிலப்பத்தோடு வந்து, பக்கத்தில் இருந்து ஊட்டிவிட்டுப் போனவர் உம்மா. மாமாவை ஒரு தடவையும் கேட்டடிக்குக் கூட்டி வந்ததில்லை. அதனால் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது இன்றைக்குத்தான்.

"உத்தரா இல்ல நோனா," என்றார். "உத்தரவு."

மாமாவைக் கூட்டி வந்தார்கள். கட்டையான, நரைத்த மனிதர். பயப்பட நான் என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன், பல், நகம், கத்தல். அது ஒன்றும் இல்லை. இருந்தது என் முகம். என் மூக்கு, என் தாடை, சிரிக்கும்போது இடது பக்கம் கோணுகிற என் வாய். தலைமுறை தவறி என்னிடம் வந்திருக்க வேண்டியது அவரிடம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். இனி ஒரு தொப்புள்கொடி எங்கே சுற்றும், யாருக்குச் சுற்றும்? அது பரம்பரையில் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். வாசித்திருக்கிறேன். உடம்பு வாசித்ததை நம்பவில்லை.

மாமா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் நடந்தார். கேட்டடியில் நின்றுவிட்டார்.

"நானா, வாங்க. வீட்ட போவம்."

"ஏலா." அவருடைய தமிழ் சின்னப் பிள்ளையின் தமிழ், வயது ஏறியும் அப்படியே நின்ற தமிழ். மிச்சமெல்லாம் சிங்களம். "உத்தரவு வரல்ல."

"அது அங்க நானா, தர்காவுல. இது வேற இடம்."

"வரல்ல."

உம்மா இழுத்தார். மேட்றன் நோனா பின்னாலிருந்து தள்ளினார். மாமா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். அதைக் கேட்டு முற்றத்தில் இருந்தவர்களும் கத்தினார்கள். தென்னந்தோட்டம் முழுக்க அந்தச் சத்தம். எனக்கு வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது.

"மல்லி போகாட்டி பஸ்லதான் அனுப்ப வேணும் நோனா," என்றார் மேட்றன். "அவங்க தூக்கி ஏத்துவாங்க. எனக்குப் பார்க்க ஏலாது."

உம்மா என்னைப் பார்த்தார். நிறைய மூளை உள்ள மகனை.

"மாமா," என்றேன். "நான் கனவு கண்டன்."

சத்தம் நின்றது.

"அவங்க வந்தாங்களா?"

"வந்தாங்க."

"தலப்பா?"

"பச்ச."

மாமா என்னையே பார்த்தார். அடக்கத்தலத்தை வணங்கும் கபுறு வணக்கம் கூடாது என்று கெம்பஸில் விடிய விடிய வாதாடினவன் நான். அவுலியாவின் பெயரில் பொய் சொல்லிக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் பயம் இருந்தது. அவுலியா இருந்தாலும் மாட்டினேன், இல்லாவிட்டாலும் மாட்டினேன்.

மாமா கம்பியை விட்டார். மண்ணில் உட்கார்ந்தார். வலது காலை என் முன்னால் நீட்டினார்.

"கழட்டு."

கணுக்காலைச் சுற்றி வளையம் போல வழுவழுப்பான தழும்பு. மயிர் முளைக்காத இடம். நான் முழங்காலில் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் வேன் சாவியை எடுத்து, அந்தத் தழும்பில் வைத்துத் திருப்பினேன். மாமா காலை உதறினார். எழும்பினார். கேட்டைத் தாண்டி, வேனில் ஏறி, வெங்காயச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். மேட்றன் நோனா சிலுவை போட்டுக்கொண்டார். உம்மா முன் சீட்டுக்கு வராமல், வீடு வரும்வரை மாமாவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். கோபமா, நன்றியா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் லேசாக இருந்தது. மாமா கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கிணற்று வாளியின் சங்கிலியை மட்டும் உம்மா கழற்றிவிட்டுக் கயிறு போட்டார். சங்கிலி இழுத்த மாமி இப்போது எங்கள் வாசலுக்கே வருவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அவன் கட்டிப்போட்டா ஈக்கிறான்?" என்று கேட்பார். "நீங்க வந்து பாருங்க மாமி, சோறு தின்னாத புள்ளைகளைத்தான் தேடுறார்," என்பேன். செருப்புச் சத்தம் வேகமாகத் தூரப் போகும்.

ஆனால் மாமா உம்மாவின் சொல்லைக் கேட்கவில்லை. "நானா, குளிங்க" என்றால் என் முகத்தைப் பார்ப்பார். "நானா, தின்னுங்க" என்றாலும் என் முகம்.

"உத்தரவு வந்தா?"

"வந்துட்டு மாமா, குளிங்க." குளிப்பார். "தின்னுங்க." தின்பார். "காத்தாடி சுத்துது, ஒண்ணும் செய்யாது, படுங்க." படுப்பார். வளவுக்குப் பின்னால் நிற்கும் காற்றாலையின் விசிறிச் சத்தம் அவருக்குப் பிடிக்காது. முதல் கிழமை எனக்கு இது பெரிய கெத்தாக இருந்தது. நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். என் வீட்டில் ஒரு ஆள் நான் சொன்னால்தான் மூச்சு விடுகிறான், உங்கள் வீட்டில் நாய் கூட உங்களை மதிக்காது என்றேன்.

பிறகு, கத்தாரில் வாப்பா எனக்கு ஒரு வேலை சரிப்படுத்தியதால் மெடிக்கல் சோதனைக்காகக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. விடியக்காலையில் மாமா நித்திரையில் இருக்கும்போதே புறப்பட்டுவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. பஸ் பிந்தியது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வளவுக்குள் வந்தேன். மாமா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மேலே கூரை இல்லாத படி அது. தலையிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாரன் நனைந்திருந்தது மழையால் மட்டும் இல்லை என்று மணத்தில் தெரிந்தது. உம்மா பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, கோப்பையில் சோற்றோடு அழுதுகொண்டிருந்தார்.

"எழும்பி வந்தவர் இதுல இருந்தார். பிறகு அசையல்ல மகன். ஒரு பருக்க தின்னல்ல. ஒனக்குச் சொல்லிட்டுப் போக ஏலாதா?"

மாமா கோபப்படவில்லை. நடுங்கும் உதட்டால் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் சிரிப்பு, இடது பக்கம் கோணல்.

"உத்தரவு வந்தா?"

அன்றைக்குப் பட்ட பயம் அந்த விடுதி முற்றத்தில் பட்டதை விடப் பெரியது. மரத்தடி, மதில், தோட்டம் என்று எண்ணிக்கொண்டு வந்தேனே, நாலாவது இடம் நான். அந்த மூன்றுக்கும் ஒரு கேட்டாவது இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் நான் விமானம் ஏறிவிட்டால் இவர் எந்தப் படியில் எத்தனை காலம் இருப்பார்?

உம்மாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எனக்கு இன்னொரு கனவு வர வேண்டும், கடைசிக் கனவு. இனிமேல் மாமாவுக்கு உத்தரவே தேவையில்லை, தின்ன நினைத்தால் தின்னலாம், போக நினைத்தால் போகலாம் என்று அவுலியா சொல்லிவிட்டதாக. பொய்தான். ஆனால் பொய்களை முடித்து வைக்கிற பொய்.

இன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் சொன்னேன். மாமா கதிரையில் இருந்து கவனமாகக் கேட்டார்.

"இனி உத்தரவு இல்லையா?"

"தேவையில்ல மாமா. எல்லாம் முடிஞ்சு."

"அப்ப எனக்குச் சுகமா?"

இந்தக் கேள்வியை நான் யோசித்து வைக்கவில்லை. உத்தரவு என்றால் அவருக்கு அதுதானே அர்த்தம். உம்மா அடுப்படி வாசலில் நின்று வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். என் வாய் முந்திவிட்டது.

"ஓம் மாமா. ஒங்களுக்குச் சுகம்."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் முன்னே பின்னே எந்த மனிதரிடமும் கண்டதில்லை. எழும்பினார். வந்த நாளிலிருந்து உம்மா அவருக்குப் பொத்தான் இல்லாத டீ-சேட்தான் போட்டுவிடுகிறார், ஏன் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடியில் காய்ந்த என் சட்டையை எடுத்து அதன் மேலேயே போட்டுக்கொண்டார். மேல் பொத்தானைப் பிடித்தார். நடுங்கும் விரல். பொத்தான் துளைக்குப் பக்கத்தில் போகும், வழுக்கும். மறுபடி போகும். நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"நானா, உடுங்க," என்றார் உம்மா. "பொத்தான் கெடக்கட்டும்."

அவர் விடவில்லை. முகம் வியர்த்தது. பிறகு கை தானாகவே கீழே விழுந்தது. சட்டையைக் குனிந்து பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க வரல்ல," என்றார். "நீ கனவு காணல்ல."

மாமா தரையில் உட்கார்ந்தார். வலது காலை என் பக்கம் நீட்டினார்.

"மாட்டு."

"மாமா..."

"கழட்டினது பொய். மாட்டு."

நான் அறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திவிட்டு இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே உம்மா கெஞ்சுகிற சத்தம் கேட்கிறது.

கதவின் கீழ் இடுக்கு வழியாக மாமாவின் கால் தெரிகிறது, இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.